ஃபுல் கவுண்ட்

பம்புகளுக்கு சீல் விற்பவன் நான்.
கசிவதை நிறுத்துவது தொழில்.
மணலியில் ஒரு கம்பெனி
பதினோரு மாதமாக நிறுத்தி வைத்திருக்கும்
நாலு லட்சத்து அறுபதாயிரத்துக்காக
ராத்திரி ரயிலில் வந்திருக்கிறேன்.

"அக்கவுண்ட்ஸ் சார் லீவுங்க, திங்கக்கிழமைதான்."
வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கே
என் வேலை முடிந்துவிட்டது.

தண்டையார்ப்பேட்டையில் லாட்ஜ்.
ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரி,
மூடினால் அதன் ஹாரன் மட்டும்.
உப்பும் டீசலும் கலந்த ஒரு காற்று
துண்டில் முகம் துடைத்தாலும்
துண்டிலிருந்து திரும்ப வருகிறது.

டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால்
மனமகிழ் மன்றம்.
பலகையில் 'மகிழ்' உதிர்ந்து
மன மன்றம் என்றிருந்தது.
கெஸ்ட் கார்டு முந்நூறு ரூபாய்.
வாசலில் தேசப்பன் பெயர் கேட்கவில்லை.
"எந்த ஊரு சார்?"
"கோயமுத்தூருங்க."
"அப்போ பொறுமையா ஆடுவீங்க. உக்காருங்க."

ரம்மி. பாயிண்டுக்கு அஞ்சு ரூபாய்.
எபனேசர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
ஒரு சீட்டை எடுக்கவே
இருபது டன் தூக்குவதுபோல் நிதானிக்கிறார்.
லட்சுமிபதிக்கு ரெண்டு மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலம்,
அதுவரை தூங்காமலிருக்க ஒரு இடம் வேண்டும்.
ஜிலானி பாய் தோற்கும்போதெல்லாம்
எல்லோருக்கும் டீ சொல்கிறார்.
நாலு டீ குடித்துவிட்டேன்.

ஐந்தாவது ஆள்,
கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்
கழுத்தில் தொங்கவிட்டிருந்தவர்,
போன் அடித்ததும்
மேஜைக்குக் கையால் அமைதி காட்டினார்.
"கமலநாதன்தான் பேசறேன்.
கோயமுத்தூர்ல இருக்கேன்பா, கல்யாணம்.
மணலி ஃபைலா? திங்கக்கிழம பாக்கலாம்.
இங்க சிக்னல் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.
அந்த மேஜையில் அதுதான் ஒழுக்கம்.
அந்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுவது என் முறை.
கோயமுத்தூரில் கல்யாணத்துக்குப் போனவருக்கு
பதிமூன்று சீட்டுகளை
ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன்.

எட்டு கிளாவரை எடுத்தார்.
ரெண்டு சுற்று கழித்துப் பத்து கிளாவரை எடுத்தார்.
ஒன்பது என் கையில்.
எனக்கு இன்னும் லைஃப் ஆகவில்லை.
வைத்திருந்தால் ஆட்டம் நீளும்.
இறக்கினால் நான் எண்பது.
எபனேசர் என் கையைப் பார்த்தார்,
முகத்தைப் பார்த்தார்,
பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.
பன்னிரண்டு வருடம் விற்பனையில் இருக்கிறேன்.
இதற்கு எங்கள் மேனேஜர் வைத்திருக்கும் பெயர்
ரிலேஷன்ஷிப்.

இறக்கினேன்.

நாலு நூறை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் செருகி,
"கோயமுத்தூர் சார்,
ஒங்களுக்குக் கையில வச்சிருக்கத் தெரியல" என்றார்.

திங்கட்கிழமை.
கண்ணாடி இப்போது கண்ணில்.
"எந்தக் கம்பெனி?"
சொன்னேன்.
பில்லைப் புரட்டினார், திருப்பினார்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இதுல சீல் இல்லியே சார்."
சீல் விற்பவன் பில்லில் சீல் இல்லை.
இதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை.

எங்கிருந்து வந்ததோ,
"கல்யாணம் நல்லபடியா நடந்ததுங்களா?" என்றேன்.

பேனா நின்றது.
மேலே ஏசி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தார்,
எடுப்பதா விடுவதா என்று தெரியாத
ஒரு சீட்டைப் பார்ப்பதுபோல.
"நடந்துச்சு.
சாப்பாடுதான் சுமார்."

மத்தியானம் மூன்று மணிக்கு
ஒரு செக் வந்தது.
எண்பதாயிரம்.
மீதி அடுத்த மாசமாம்.

ரயிலில் மேல் பர்த்தில் குப்புறப் படுத்து
செலவுக் கணக்கு எழுதுகிறேன்.
லாட்ஜ் மூன்று நாள். சாப்பாடு. ஆட்டோ.
மிச்சம் எழுநூறு ரூபாய் இடிக்கிறது.
அரக்கோணம் தாண்டும்வரை யோசித்துவிட்டு
'உள்ளூர்ப் போக்குவரத்து' என்று எழுதினேன்.
அடுத்த மாதத்துக்கு
இன்னும் எத்தனை ஒன்பது கிளாவர் வேண்டும் என்று
எந்தப் பக்கத்தில் போடுவது தெரியவில்லை.
கீழ் பர்த்துக்காரர் கேட்டார்,
"லைட்டை அணைக்கலாங்களா?"